கணினி வலையமைப்பில் மிக முக்கியமான கணுக்களைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணு என்றால் என்ன? அதில் "முக்கியமானது" எது?

வலையமைப்பை வரைபடமாகப் போடும்போது புள்ளியாக வருவதெல்லாம் கணு. அது ரவுட்டராக, சுவிட்சாக, சர்வராக இருக்கலாம். உலக இணையத்தை வரையும்போது ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதையும் ஒரே கணுவாகக் கொள்வதும் உண்டு. இரண்டு கணுக்களை நேரடியாகச் சேர்க்கும் கோடு இணைப்பு.

எது முக்கியம் என்று யாராவது கேட்டால், "எதற்கு?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான முதல் பதில். ஒரு கணு செத்தால் வலையமைப்பு துண்டாகிவிடுமா என்பது ஒரு கவலை. அதிகப் போக்குவரத்து எதன் வழியாகப் போகிறது என்பது இன்னொன்று. கண்காணிப்புக் கருவியை எங்கே வைத்தால் எல்லா இடமும் பக்கத்தில் இருக்கும் என்று தேடுகிறவர் வேறொன்றைக் கேட்கிறார். வைரஸ் எங்கிருந்து கிளம்பினால் வேகமாகப் பரவும் என்று பார்ப்பவரின் கேள்வி மற்றொன்று. இந்த நான்குக்கும் நான்கு வெவ்வேறு கணுக்கள் விடையாக வரலாம். கேள்வியைத் தீர்மானிக்காமல் மென்பொருளை ஓட்டி, வந்த பட்டியலை அப்படியே நம்புவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய பிழை.

இணைப்பு அதிகமுள்ள கணுதானே முக்கியமானது?

பல நேரம் இல்லை. இதைக் காட்ட டேவிட் கிராக்ஹார்ட் 1990இல் வெளியிட்ட பத்துக் கணு வரைபடத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அவர் அதை மனிதர்களின் தொடர்புக்காக வரைந்தார். நாம் பத்து ரவுட்டர்களாக வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் வரைந்துகொண்டே படித்தால் எளிது.

நடுவில் ஒரு ரவுட்டர். அதைச் சுற்றி ஆறு ரவுட்டர்கள் வளையமாக. நடு ரவுட்டருக்கு அந்த ஆறுடனும் நேரடி இணைப்பு உண்டு. வளையத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டைத் தோள்கள் என்று வைப்போம். ஒவ்வொரு தோளும், மற்றத் தோள் இல்லாத பக்கத்தில், தன் அடுத்த ரவுட்டரைத் தாண்டி அதற்கடுத்ததுடனும் இணைந்திருக்கிறது. இரண்டு தோள்களும் கீழே இருக்கும் ஒரே ரவுட்டரில் வந்து சேர்கின்றன. அதுதான் கழுத்து. கழுத்திலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று இரண்டு ரவுட்டர்கள் வாலாகத் தொங்குகின்றன. மொத்தம் 18 இணைப்புகள். பார்க்க நூலில் பறக்கும் பட்டம்போல இருக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். இணைப்பு எண்ணிக்கையில் முதலிடம் நடு ரவுட்டருக்கு: 6. கழுத்துக்கு வெறும் 3. ஆனால் குறுகிய பாதைகள் எதன் வழியாகப் போகின்றன என்று பார்த்தால் கதை தலைகீழ். மேலே உள்ள ஏழு ரவுட்டர்களில் எதுவானாலும் வாலில் உள்ள இரண்டை அடையக் கழுத்தைக் கடந்தே தீர வேண்டும். 7 × 2 = 14 ஜோடிகள். தோள்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 8.3 (ஒரு ஜோடிக்குச் சம நீளப் பாதைகள் பல இருந்தால் பங்கிட்டு எண்ணுவதால் பின்னம் வருகிறது), வாலின் முதல் ரவுட்டருக்கு 8. எல்லோருடனும் கைகோத்து நிற்கும் நடு ரவுட்டருக்கு வருவது சுமார் 3.7 மட்டுமே. அதை அணைத்தாலும் வளையம் இருக்கிறது, யாருடைய தொடர்பும் அறாது. கழுத்தை அணைத்தால் வலையமைப்பு ஏழாகவும் இரண்டாகவும் பிளந்துவிடும்.

மூன்றாவது விடையும் இருக்கிறது. மற்ற ஒன்பது ரவுட்டர்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் நடு ரவுட்டருக்கு 15, தோள்களுக்கு 14. ஆக எல்லோருக்கும் பக்கத்தில் இருப்பவை தோள்கள். ஒரே வரைபடம், மூன்று கேள்விகள், மூன்று வெவ்வேறு விடைகள். பைத்தான் நிரல்மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் இந்தப் பட்டம் உள்ளேயே வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோல்களுக்கு என்ன பெயர்? வேறு என்னென்ன உண்டு?

மேலே பார்த்த மூன்றும் மென்பொருள்களில் டிகிரி, பிட்வீன்னஸ், குளோஸ்னஸ் என்ற பெயர்களில் இருக்கும். தமிழில் இணைப்பெண், இடைமை, அண்மை என்று சொல்லலாம். இடைமையை முறையாக வரையறுத்துத் தந்தவர் லிண்டன் ஃப்ரீமன், 1977இல். கணினி வலையமைப்புக்காரர்களுக்கு முன்பே சமூகவியலாளர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

நான்காவதாக ஐகன்வெக்டர் வகை. முக்கியமான கணுக்களோடு சேர்ந்திருப்பதால் ஒரு கணு முக்கியமாகிறது என்பது இதன் அடிப்படை. இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த, கூகுளைத் தொடங்கியவர்கள் தந்த பேஜ்ரேங்க் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. திசையில்லாத கேபிள் வரைபடத்தில் பேஜ்ரேங்க் கிட்டத்தட்ட இணைப்பெண்ணையே திருப்பிச் சொல்லும், புதிதாக ஒன்றும் தராது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போட்ட வரைபடத்தில்தான் அதற்கு வேலை இருக்கிறது.

ஐந்தாவது, உட்கரு அளவு. இணைப்பு குறைந்த கணுக்களை வெளியிலிருந்து அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே போனால் கடைசிவரை தங்குவது எது என்று பார்ப்பது. தகவலோ தொற்றோ பரவுவதில் இணைப்பெண்ணைவிட இது நன்றாக முன்னறிவிக்கிறது என்று கிட்சக்கும் மற்றவர்களும் 2010இல் காட்டினார்கள். நம் பட்டத்தில் உட்கரு மேலே உள்ள ஏழு ரவுட்டர்கள். இடைமையில் முதலிடம் பிடித்த கழுத்து அதற்குள் வரவே வராது.

சில பெரிய கணுக்களைத் தாக்கினால் இணையமே சிதறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இதற்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் படித்தவர்கள்தான் அதிகம்.

1999இல் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர், இணையத்தில் பெரும்பாலான கணுக்களுக்கு மிகக் குறைந்த இணைப்புகளும் மிகச் சிலவற்றுக்கு ஏராளமான இணைப்புகளும் இருப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆல்பர்ட், ஜியோங், பாராபாஷி மூவரும் நேச்சர் இதழில் அதன் விளைவை எழுதினார்கள்: இப்படிப்பட்ட வலையமைப்பு தற்செயலான பழுதுகளைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் இணைப்பு அதிகமுள்ள கணுக்களைத் தேர்ந்தெடுத்து அகற்றினால் வேகமாகச் சிதறும். இது உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. "இணையத்தின் பலவீனம் அதன் பெரிய மையங்கள்" என்ற கருத்து அங்கிருந்துதான் வேரூன்றியது.

2005இல் ஜான் டாயில், டேவிட் ஆல்டர்சன், வால்டர் வில்லிங்கர் முதலானோர் ரவுட்டர் மட்டத்தில் இது பொருந்தாது என்று எழுதினார்கள். அவர்கள் வாதம் பொறியாளர்களுக்கு உடனே புரியும். ஒரு ரவுட்டரின் மொத்தக் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதை நிறைய போர்ட்டுகளுக்கு, அதாவது கேபிள் செருகும் வாய்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் குறைந்த வேகமே கிடைக்கும். வேகம் அதிகம் வேண்டுமானால் போர்ட்டுகள் குறைவாகத்தான் இருக்க முடியும். அதனால் ஆயிரக்கணக்கான வீட்டு இணைப்புகளைத் திரட்டும், இணைப்பெண் பெரிதான ரவுட்டர்கள் வலையமைப்பின் ஓரத்தில் இருக்கின்றன. முதுகெலும்பில், அதாவது நடுவில் எல்லாத் தரவையும் சுமக்கும் பகுதியில் உள்ளவை சில தடித்த இணைப்புகளோடு, ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த அபிலீன் வலையமைப்பை அவர்கள் சான்றாக வைத்தார்கள்.

இரண்டாவது ஆய்வின் பக்கமே நான் நிற்கிறேன். இணைப்பெண்களின் பரவல் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வலையமைப்புகளின் கட்டமைப்பு அடியோடு வேறாக இருக்கலாம். கணுக்களை வரிசைப்படுத்த முனைகிறவர் அந்த வலையமைப்பை யார், எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நகரக் கூடாது.

தரவு எப்போதும் குறுகிய பாதையில்தான் போகுமா?

போகாது. இடைமையின் பெரிய குறை இதுதான். உலக இணையம் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னாட்சி வலையமைப்புகளால், அதாவது ஒவ்வொரு நிறுவனமும் தானே நடத்தும் வலையமைப்புகளால் ஆனது. அவற்றுக்கிடையே பாதையை முடிவு செய்வது பிஜிபி நெறிமுறை. அங்கே தூரத்துக்கு முன்னால் வணிக ஒப்பந்தம் நிற்கிறது. இரண்டு பெரிய நிறுவனங்களோடு இணைந்திருக்கும் ஒரு சிறு நிறுவனம், அந்த இரண்டுக்கும் நடுவில் இலவசப் பாலமாக இருக்கச் சம்மதிக்காது. வரைபடத்தில் அது குறுகிய பாதையாகத் தெரியும், உண்மையில் ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு தரவுப் பொட்டலம்கூட அவ்வழி போகாது. அமெரிக்காவின் கைடா ஆய்வு மையம் வெளியிடும் தரவரிசை இதனால்தான் வேறு அளவைப் பயன்படுத்துகிறது. நேரடியாகவும் மறைமுகமாகவும் ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளராக இருக்கும் வலையமைப்புகளைத் திரட்டி எண்ணுகிறது.

அலுவலக வலையமைப்புக்குள்ளும் இதே நிலைதான். ஒரு நிறுவனத்துக்குள் பாதையைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை ஓடும் இடத்தில் இணைப்புகளுக்குக் கொடுத்திருக்கும் செலவு மதிப்புகளை எடையாகச் சேர்க்காமல் இடைமை கணக்கிட்டால் விடை வெறும் அலங்காரம். எந்தத் தரவு எங்கிருந்து எங்கே போனது என்று ரவுட்டர்கள் குறித்துவைக்கும் நெட்ஃப்ளோ பதிவுகள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேபிள் வரைபடத்தில் தெரியாத முக்கியக் கணுக்கள் உண்டா?

உண்டு. பெரிய விபத்துகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களைச் சேர்க்கும் முதுகெலும்பு இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. அந்தக் கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியில் பிழை இருந்தது. பெயருக்கு உரிய இணைய முகவரியைச் சொல்லும் அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் தங்களைக் கோளாறானவையாகக் கருதி, தங்களை அடையும் வழியைச் சொல்லும் பிஜிபி அறிவிப்பை விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் விலகின. பெயரைத் தேடினால் விலாசம் சொல்ல ஆளில்லை. பழுது பார்க்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் அவையும் படுத்தன. ஆட்களை நேரில் தரவு மையத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நேர்ந்ததும் இதற்கு அண்ணன் தம்பிதான். மேம்படுத்தும் பணியின்போது ஒரு ரவுட்டரில், வழித்தடத் தகவல்கள் அளவுக்கு மீறிப் பரவாமல் தடுக்கும் வடிகட்டி நீக்கப்பட்டது. அளவுக்கு மீறிய வழித்தடங்கள் பாய்ந்து மையக் கணுக்கள் முடங்கின. செல்பேசியும் வீட்டு இணையமும் ஒரே மையத்தைச் சார்ந்திருந்ததால் இரண்டும் போயின. கணுக்களை நிர்வகிக்கும் தனிவழியும் அதே மையத்தின் மீதே ஓடியதால் எங்கே கோளாறு என்று பார்க்கவே ஊழியர்கள் திணறினார்கள். அவசர அழைப்புகளும் அட்டைப் பணப்பரிமாற்றமும் பாதிக்கப்பட்டன.

இவற்றைக் கண்டுபிடிக்க இன்னொரு வரைபடம் வேண்டும். "இது இயங்க எது இயங்கியாக வேண்டும்?" என்று ஒவ்வொரு கணுவுக்கும் கேட்டு அம்புக்குறி போடுங்கள். டிஎன்எஸ், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி, நேரம் காட்டும் என்டிபி சர்வர், உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் எல்லாம் மேலே ஏறி வரும். கேபிள் வரைபடத்தில் இவை ஒரே ஒரு கோட்டோடு ஓரத்தில் கிடப்பவை.

நகல்கள் இருந்தால் போதாதா?

ஒரே காரணத்தால் எல்லா நகல்களும் சாக முடியாது என்றால் போதும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்திடம், யார் எதற்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொள்பவை. ஒன்று அழிந்தால் மற்றொன்றிலிருந்து மீட்கலாம் என்பது கணக்கு. எல்லாம் ஒன்றாக அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. தப்பியது கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று. மின்வெட்டால் அந்த நேரம் அது அணைந்திருந்தது. அதை வைத்துத்தான் மீட்பு நடந்தது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியதாக அந்த நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார். இணைப்பெண், இடைமை போன்ற எந்தக் கணக்கும் கானாவில் இருந்த அந்தக் கணுவைச் சுட்டியிருக்காது.

கேபிளுக்கும் இது பொருந்தும். 2001 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரயில் சுரங்கத்தில் சரக்கு ரயில் தீப்பிடித்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் கண்ணாடியிழைகள் ஒன்றாக எரிந்தன. வரைபடத்தில் தனித்தனிக் கோடுகள், நிலத்தில் ஒரே சுரங்கம். 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாண்டிரியா அருகே மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் தள்ளாடியது நினைவிருக்கலாம். மாற்று என்று எழுதிவைத்திருக்கும் இரண்டு பாதைகளும் எந்தத் தெருவில், எந்தக் குழாயில், எந்தக் கடற்பகுதியில் போகின்றன என்று சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாற்றே இல்லாத இடங்களும் உண்டு. 2022 ஜனவரி 15இல் எரிமலை வெடித்து டோங்கா தீவு நாட்டின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தது. பிரதானத் தீவுக்கு அது திரும்பிவர ஐந்து வாரம் ஆனது.

லட்சக்கணக்கான கணுக்கள் இருந்தால் கணக்கிட முடியுமா?

இணைப்பெண் நொடியில் வரும். வெட்டுக்கணுக்கள், அதாவது அகற்றினால் வலையமைப்பு பிளக்கும் கணுக்கள், அவையும் வேகமாக வரும். ஹாப்கிராஃப்டும் டார்ஜனும் 1973இல் கொடுத்த வழிமுறை வரைபடத்தை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும். இடைமைதான் கனமானது. உல்ரிக் பிராண்டஸ் 2001இல் தந்த வழிமுறைக்குப் பிறகு, எடையில்லாத, அதாவது எல்லா இணைப்பையும் சமமாக எண்ணும் வரைபடத்தில் கணு எண்ணிக்கையை இணைப்பு எண்ணிக்கையால் பெருக்கிய அளவு வேலை. ஒரு லட்சம் கணு, ஐந்து லட்சம் இணைப்பு என்றால் 5,000 கோடி படிகள். முடியாததல்ல. அதற்கும் மேல் போனால் சில நூறு கணுக்களை மட்டும் குலுக்கி எடுத்து அங்கிருந்து கணக்கிடும் தோராய முறை உண்டு. முதல் வரிசைக் கணுக்களைத் தெரிந்துகொள்ள அதுவே பெரும்பாலும் போதுமானது.

பட்டியலில் முதல் ஐந்து கணுக்களைப் பாதுகாத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஒவ்வொன்றாகப் பார்க்கையில் முக்கியமானவை வேறு, சேர்த்து எடுத்தால் முக்கியமானவை வேறு. நம் பட்டத்தில் தோள்கள் இரண்டையும் தனித்தனியே அகற்றினால் ஒன்றும் ஆகாது. சேர்த்து அகற்றினால் கழுத்தும் வாலும் மற்றவற்றிலிருந்து பிரிந்துவிடும். மறுபுறம், முதல் ஐந்தில் நான்கு ஒரே பாதையில் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றைப் பற்றிய தகவலையே நான்கு முறை படிக்கிறீர்கள். சேதம் மிக அதிகமாகும் கணுக்கூட்டத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது, பெரிய வரைபடங்களில் எந்தக் கணினியாலும் நியாயமான நேரத்தில் முடியாது என்று கருதப்படும் கணக்கு வகை. நடைமுறையில் ஒன்றை அகற்றி, மறுபடி கணக்கிட்டு, அடுத்ததைத் தேடுகிறார்கள். மொரோனேயும் மாக்சேயும் 2015இல் முன்வைத்த முறை, ஒரு கணுவின் அக்கம்பக்கத்தை மட்டும் பார்க்காமல் சில அடி தள்ளியிருப்பவற்றையும் சேர்த்து எடைபோட்டது. இணைப்பு குறைந்தும் செல்வாக்கு மிகுந்த கணுக்கள் நிறைய இருப்பதை அது வெளிக்கொண்டுவந்தது.

வைரஸ் பரவலைத் தடுக்க எந்தக் கணுவைக் காக்க வேண்டும்?

வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. தொடர்புப் பட்டியலைப் பார்த்து மின்னஞ்சலில் போகும் வகைக்கு உட்கருவில் உள்ளவர்கள் முக்கியம். 2003 ஜனவரி 25இல் வந்த ஸ்லாமர் அப்படியல்ல. ஐபி முகவரிகளைக் குருட்டாம்போக்கில் தேடித் தாக்கி, பத்து நிமிடத்தில் தாக்கக்கூடியவற்றில் 90 சதவீதத்தைப் பிடித்தது. அங்கே வரைபடத்தின் வடிவத்துக்கு வேலையே இல்லை. மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும் தேவையற்ற போர்ட்டை (இங்கே கேபிள் வாய் அல்ல, வெளியிலிருந்து தரவு நுழையும் எண்ணிட்ட மென்பொருள் வாயில்) மூடுவதும்தான் காப்பு.

எங்கள் கல்லூரி வலையமைப்பு சின்னது. எங்கிருந்து தொடங்குவது?

சுவிட்சுகளில், பக்கத்துக் கருவிகளுக்குத் தங்களை அறிமுகப்படுத்தும் எல்எல்டிபி நெறிமுறை இயக்கத்தில் இருந்தால் எது எதோடு இணைந்திருக்கிறது என்று அவையே சொல்லும். அதைத் திரட்டி வரைபடம் போட்டு, முதலில் வெட்டுக்கணுக்களைத் தேடுங்கள். இருநூறு கணுக்கள் உள்ள வலையமைப்பில் இந்த ஒரு கணக்கே மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும். விடுதிக் கட்டடத்துக்குப் போகும் ஒரே சுவிட்ச், படிக்கட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது போன்றவை அப்போது தெரியவரும்.

அடுத்து சார்புப் பட்டியல். மொத்த மின்சாரமும் போய்த் திரும்பி வந்தால் எதை முதலில் எழுப்ப வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். பல இடங்களில் இங்கே ஒரு சுழல் சிக்கும். மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளாகவே ஓடும் கணினிகளைத் தாங்கும் சர்வர் எழ டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸோ அதே சர்வருக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக இருக்கும். ஒரு சிறிய டிஎன்எஸ்ஸைத் தனிப்பெட்டியில் வைப்பது இந்தச் சுழலை அறுக்கும்.

மூன்றாவது, சோதனை. விடுமுறை நாளில், எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முக்கியம் என்று நினைக்கும் ஒரு கணுவை அணைத்துப் பாருங்கள். மாற்றுப்பாதை எழுகிறதா, எத்தனை நொடி ஆகிறது, யாரும் எதிர்பாராத எது நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு சொல்லாததை இது சொல்லும்.

இந்தப் பட்டியலை எங்கே வைப்பது? எப்போது புதுப்பிப்பது?

தாக்க வருபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. எல்லோரும் திறக்கக்கூடிய பகிர்வுக் கோப்புறையில் போடாதீர்கள். நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். வலையமைப்பு முழுக்கப் படுத்திருக்கும் நேரத்திலும் எடுக்கக்கூடியபடி, அச்சிட்ட பிரதி ஒன்று பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அந்த அலமாரிக்குச் சாதாரணச் சாவியே போதும். வலையமைப்பு வழியாகத் திறக்கும் அட்டைப் பூட்டு வேண்டாம். புதிய கட்டடம், புதிய இணைப்பு, புதிய சர்வர் என்று எது சேர்ந்தாலும் அன்றே வரைபடத்தில் ஏற்றிக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். எதுவும் மாறாவிட்டாலும் பருவத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். யாரோ ஒருவர் அவசரத்துக்கு இழுத்த கேபிள் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும்.